அந்த வால்ஸின் நடுப்பகுதி

எங்களுடைய இசையில் மேளம் கிடையாது. ஒருவர் கிற்றாரில் பாட்டை வாசிப்பார். பக்கத்தில் இன்னொருவர் மற்றக் கிற்றாரில் தாளம் அடிப்பார். ஆளுயரப் பாஸ் வாத்தியம் ஒன்று சுவரோரம் நிற்கும். உலகம் இதை ஜிப்சி ஜாஸ் என்கிறது. ஆட்கள் வருவது பாட்டை வாசிப்பவரைப் பார்க்கத்தான். தாளம் அடிப்பவன் ஒழுங்காக அடித்தால் அவன் அங்கே இருப்பதே ஒருவருக்கும் தெரியாது. பிழை விட்டால் மட்டும் முன்வரிசை முழுக்க நிமிர்ந்து பார்க்கும். நான் பதினெட்டு வருடம் தாளம் அடித்தேன். நிமிர்ந்து பார்த்தவர்கள் குறைவு என்பதைக் கொஞ்சம் பெருமையோடுதான் சொல்கிறேன்.

பாட்டை வாசித்தவர் டென்மார்க்கின் வைலே நகரில் என் வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் இருந்தார். ஜெர்மனியின் வடக்கில் பிறந்தவர். தங்களைச் சின்ட்டி என்று சொல்லிக்கொள்ளும் மக்களில் ஒருவர். ஜிப்சி என்ற பெயர் இசைக்கு இருக்கட்டும், எனக்கு வேண்டாம் என்பார். என்னைவிடப் பதினாலு வயது மூத்தவர். அவருடைய பெயரை இங்கே எழுதமாட்டேன், காரணம் போகப்போக விளங்கும். நான் அவரை அண்ணை என்றுதான் கூப்பிட்டேன். அதற்குப் பொருள் என்ன என்று தெரிந்துகொண்ட அன்றே அவருடைய மனைவியும் தன்னை அக்கா என்று கூப்பிடச் சொல்லிவிட்டார். நாங்கள் கதைத்தது டேனிஷில். அந்த மொழியில் சின்னவருக்கும் பெரியவருக்கும் ஒரே சொல்தான். ஆனால் நினைத்துப் பார்க்கும்போது இருவரும் என்னோடு யாழ்ப்பாணத் தமிழில், 'நீர்' போட்டுக் கதைக்கிறார்கள். அதை நான் மாற்றப்போவதில்லை.

அவரைச் சந்தித்தது கோவிலில். டென்மார்க்கில் கத்தோலிக்கர்கள் கொஞ்சப் பேர். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு வருவது வியட்நாம்காரர், போலந்துக்காரர், பிறகு யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் இருந்து வந்த நாங்கள். மாதத்தில் ஒருநாள் எங்களுக்குத் தமிழ்ப் பூசை. அதில் பாடகர் குழுவுக்கு நான் கிற்றார் அடிப்பேன். ஒருநாள் நேரத்தை மாறிப் பார்த்துவிட்டு அவர் தமிழ்ப் பூசைக்குள் வந்துவிட்டார். வந்தவர் எழும்பிப் போகவில்லை. ஒரு சொல்லும் விளங்காமல் கடைசி வாங்கில் முடியும்வரை இருந்தார். பிறகு மண்டபத்தில் கோப்பி குடிக்கும்போது நேரே என்னிடம் வந்தார். வணக்கமும் இல்லை, பெயரும் கேட்கவில்லை. "உம்மட இடக்கை ஒண்டுக்கும் உதவாது. ஆனா வலக்கை மணிக்கூடு மாதிரி," என்றார். எனக்கு எப்போதுமே கோபம் மூக்கு நுனியில். முன்பின் தெரியாத ஆளுக்கு என் இடக்கையைப் பற்றி என்ன கதை என்று நினைத்தேன். அடுத்த சனிக்கிழமை அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

அவர்களிடம் இசை தாளில் இல்லை. அவர் வாசிப்பார், நான் கூடவே அடிக்கவேண்டும். பிழைத்தால் ஒன்றும் சொல்லமாட்டார். நிறுத்திவிட்டு யன்னலுக்கு வெளியே பார்ப்பார். ஏச்சு விழுந்திருந்தால் திருப்பி ஏசியிருப்பேன். யன்னலைப் பார்க்கிற மனிதனோடு என்ன செய்வது? அப்போது நான் யன்னல் சட்டம் செய்யும் தொழிற்சாலையில் வேலை. எட்டு மணித்தியாலம் யன்னலோடு மாரடித்துவிட்டு வந்து, சனிக்கிழமையும் ஒரு யன்னலிடம் தோற்றுக்கொண்டிருந்தேன். இரண்டு வருடத்தில் இடக்கையும் ஒருமாதிரி வழிக்கு வந்தது. அதற்குள் அவரோடு மேடைக்குப் போகத் தொடங்கிவிட்டேன்.

அவருடைய கதையைக் காருக்குள் கேட்டேன். ஓடுவது நான், சொல்வது அவர். ஏழு வயதில் சித்தப்பாமாருக்குத் தாளம் அடித்தாராம். ஹிட்லரின் வதைமுகாம்களிலிருந்து உயிரோடு திரும்பிவந்த இரண்டு சித்தப்பாமார். அவர்கள் அதைப் பற்றி ஒருநாளும் கதைக்கவில்லை, வாசித்தார்கள். பதினாலு வயதில் அவர்களைவிட நன்றாக வாசிக்கிறார் என்று அவர்களே தாளத்துக்கு இறங்கி இவரை முன்னால் விட்டார்கள். ஹம்பேர்க்கில் ஒரு ஹோட்டலில் ஐந்து வருடம். பாரிசில் ஒரு குளிர்காலம். பிறகு ஜெர்மனிக்கும் டென்மார்க்குக்கும் ஓடிய கப்பலில், பயணிகள் சாப்பிடும்போது வாசிக்கும் வேலை. அந்தக் கப்பலின் சாப்பாட்டுச்சாலையில் தட்டெடுத்த பெண், அவருடைய ஆட்களில் ஒருத்தி, ஒருநாள் தட்டுகளை அடுக்குவதை நிறுத்திவிட்டு அவர் வாசித்ததை நின்று கேட்டாளாம். அதற்காகவே டென்மார்க் பக்கத்தில் இறங்கிவிட்டேன் என்பார். அந்தப் பெண்தான் அக்கா.

அவர் பெயர் பெரிதாகியிருக்கவேண்டிய ஒரு சமயமும் இருந்தது. கோபன்ஹேகனில் பெரிய மண்டபம், பிரான்சிலிருந்து வந்த குழு, அதோடு இவர். முதல்நாள் கைதட்டல் நிற்கவில்லையாம். ஆனால் சுவரொட்டியில் ஒரு மாட்டுவண்டி மாதிரி வண்டியும் நெருப்பும் தலைப்பாகை கட்டிய பெண்ணும், ஜிப்சி என்றால் இப்படித்தான் என்பதுபோல. எடுக்கச் சொன்னார், அவர்கள் எடுக்கவில்லை. இரண்டாம் நாள் இவர் போகவில்லை. பல வருடம் கழித்து அதே ஆட்கள் திரும்பவும் கூப்பிட்டபோது பதில் எழுதியது நான்தான், அவருக்கு எழுத்து அவ்வளவு ஓடாது. "எங்கட வீட்டில சூடாக்கி வேலை செய்யுது, நெருப்பு மூட்டத் தேவையில்லை எண்டு எழுதும்," என்றார். அப்படியே எழுதினேன். அதற்குப் பிறகு கூப்பிடவில்லை. ரோசத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே தாய் பெற்ற பிள்ளைகள்.

ஆகவே எங்களுடைய மேடை என்பது அறுபதாம் பிறந்தநாள், பொன்விழாக் கலியாணம், நூலகத்தில் புதன்கிழமை மாலை, கோடையில் சில்க்போர்க்கில் ஏரிக்கரைச் சாப்பாட்டுக்கடை. ஒருமுறை ஹொல்ஸ்டெப்ரோவில் எங்கள் ஆட்களின் கலியாணம் ஒன்றுக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். பெருமை காட்டத்தான், வேறென்ன. மூன்றாவது பாட்டில் ஒரு பெரியவர் வந்து, "தம்பி, மேளம் ஒண்டும் கொண்டுவரேல்லையோ?" என்று கேட்டார். ஐந்தாவது பாட்டில் ஒருவன் சினிமாப் பாட்டைப் பெரிய ஒலிபெருக்கியில் போட்டுவிட்டான். எனக்கு அவமானத்தில் காது சுட்டது. அண்ணை கிற்றாரைப் பெட்டியில் வைத்துவிட்டுப் போய் ஆட்டிறைச்சிக் கறியோடு மூன்று தரம் சோறு போட்டுச் சாப்பிட்டார். இப்படிச் சாப்பாடு போடுகிற ஆட்கள் என்ன பாட்டும் போடலாம் என்றார். நான் அந்தக் குடும்பத்தோடு இரண்டு மாதம் கதைக்கவில்லை.

அவர் செய்த பாட்டுகள் பல, ஆனால் அந்த வால்ஸ், மூன்று தட்டில் சுழலும் நடன மெட்டு, வேறு. கப்பலில் இருந்த காலத்தில் அக்காவுக்காகச் செய்தது. பெயர் கிடையாது. மேடையில் வாசிக்கமாட்டார், கேட்டாலும் மாட்டார். சனிக்கிழமைகளில் சூப் குடித்து முடிந்த பிறகு, அக்கா கோப்பைகளைக் கழுவும்போது, திடீரென்று தொடங்குவார். முதற்பகுதி சும்மா வீதியில் நடக்கிற மாதிரி லேசாக வரும். நடுப்பகுதியில் அது வேறிடத்துக்குத் திரும்பும். அங்கே ஒவ்வொரு தரமும் தாளம் தவறிவிடுமோ என்று பயப்படுவேன். அக்கா தண்ணீரை மூடிவிட்டு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். அந்த மேசையில் என் தொலைபேசி எப்போதும் இருக்கும், பயிற்சிக்காக எல்லாவற்றையும் பதிவேன். வால்ஸையும் பதிய விட்டார். "உமக்குப் படிக்கத்தான். வேற ஒருத்தருக்கும் இல்லை," என்றார். உலகத்தில் அந்தப் பாட்டு இருந்த இடங்கள் மூன்றுதான்: அவருடைய கை, அந்தச் சமையலறை, என் தொலைபேசி.

அதற்கிடையில் என் மனைவி இறந்தாள். புற்றுநோய், ஏழு மாதம். மகள் கோபன்ஹேகனுக்கு வேலைக்குப் போய்விட்டாள். நான் தமிழில் கேட்பேன், அவள் டேனிஷில் பதில் சொல்வாள். அதுவும் ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம். மனைவியின் படத்தைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டி, மாலை போட்டு, அணையாமல் எரியும் சின்ன மின்விளக்கு ஒன்றும் வைத்தேன். நாங்கள் செய்கிறதுதானே. யன்னல் வேலையை விட்டு முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அங்கே நாள் முழுக்க ஆட்கள், வீட்டில் படம். சனிக்கிழமை மட்டும்தான் ஒருவர் எனக்காகக் கோப்பை எடுத்து வைக்கிற நாள்.

அந்த நேரத்தில் அவர்கள் மேல் எனக்கு ஒரு மனத்தாங்கல். என் மனைவி இருந்தபோது வாய் நிறையப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள், அவள் போன பிறகு ஒருதரம்கூட அந்தப் பெயரைச் சொல்லவில்லை. அண்ணை என் வீட்டுக்கு வந்தால் படத்துக்கு முதுகு காட்டுகிற கதிரையாகப் பார்த்து இருப்பார். அவர்கள் வீட்டில் அவள் வழமையாகக் குடிக்கும் நீலக் கோப்பையும் காணவில்லை. ஒரு கிழமைக்குள் மறந்துவிட்டார்களே என்று உள்ளுக்குள் புகைந்தேன். கேட்டிருக்கலாம். கேட்டால் குறைந்துபோவேன் என்று நினைக்கிற சாதி நான்.

அண்ணைக்குப் புற்றுநோய் நுரையீரலில் வந்தது. ஒரு ஒக்ரோபரில் இருமத் தொடங்கினார், பெப்ரவரியில் முடிந்தது. கடைசி மூன்று கிழமையும் வேலை முடிந்து பேருந்து எடுத்து மருத்துவமனைக்குப் போவேன். அவருடைய ஆட்கள் ஜெர்மனியிலிருந்து வந்து அறையிலும் நடையிலும் நிறைந்து நின்றார்கள். தாதிமாருக்கு எரிச்சல். எனக்கு வழிவிட்டுக் கட்டில் பக்கத்துக் கதிரையைத் தருவார்கள். அவர் என் வலக்கையைப் பிடித்துத் தன் போர்வைக்கு மேல் வைத்திருப்பார். என் தகப்பன் சாகும்போது நான் நாட்டில் இல்லை. அந்தக் கதிரையில் இருந்தபோது அதற்கும் சேர்த்து இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அடக்கம் முடிந்து ஒரு கிழமையில் அக்காவிடம் போனேன். முப்பத்தோராம் நாள் பூசைக்கு அவருடைய கிற்றாரைப் படத்துக்குப் பக்கத்தில் வைக்கவேண்டும், தாருங்கள் என்று கேட்டேன். "அது இல்லை," என்றார். எங்கே என்று கேட்டேன். "இல்லை," என்று மட்டும் சொன்னார். பார்த்தால் அவருடைய கதிரை இல்லை, மேற்சட்டை இல்லை, வாசலில் நின்ற கார் இல்லை. எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. மனிதன் போய்ப் பத்து நாள் ஆகவில்லை, எல்லாவற்றையும் விற்றுவிட்டார்களே என்று நினைத்தேன். அவருக்குச் செய்யவேண்டியதை நானாவது செய்யவேண்டும் என்று வீடு வரும்வரை தனியே கதைத்துக்கொண்டு நடந்தேன்.

செய்தேன். பூசைக்குச் சொல்லி, மண்டபத்தை எடுத்து, எங்கள் ஆட்களிடம் சமையலைப் பகிர்ந்து கொடுத்தேன். நல்லதொரு படத்தை ஆள் பாதி உயரத்துக்குப் பெரிதாக்கினேன். நினைவு மலர் அடித்தேன். முகப்பில் அவருடைய முழுப்பெயர், பிறந்த நாள், இறந்த நாள், உள்ளே தமிழிலும் டேனிஷிலும் நான் எழுதிய இரண்டு பக்கம். எங்கள் ஊரில் ஒரு மனிதனுக்கு இதைவிடப் பெரிய மரியாதை இல்லை. வேலையால் வந்து ஒவ்வொரு பின்னேரமும் தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு அந்த வால்ஸை, தாளத்தை அல்ல, பாட்டையே படித்தேன். ஏழு பதிவு இருந்தது. நடுப்பகுதியை ஏழிலும் ஏழு மாதிரி வாசித்திருந்தார். அதில் ஒன்றைத் தெரிந்தெடுத்துப் படித்தேன். என் வாழ்க்கையில் நான் பாட்டு வாசிக்கப்போவது அதுதான் முதல்தரம். அக்கா அழுவார், அண்ணையின் ஆட்கள் என் கையைப் பிடிப்பார்கள் என்றெல்லாம் நினைத்திருந்தேன். பொய் ஏன் சொல்ல, அதையும் நினைத்தேன்.

அக்கா வந்தார், அவருடைய மகளும் மருமகனும் ஹம்பேர்க்கிலிருந்து வந்தார்கள், இன்னும் பத்துப் பன்னிரண்டு பேர். பூசை என்றுதான் அவர்களுக்குத் தெரியும். பூசையில் தலை குனிந்து இருந்தார்கள். பிறகு மண்டபத்துக்குள் வந்து படத்தைக் கண்டதும் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். துக்கம் என்று நினைத்தேன். வாருங்கள், இருங்கள் என்று முன்வரிசையில் இருத்தினேன். நினைவு மலரை ஒவ்வொரு கையிலும் கொடுத்தேன். அவர்கள் அதைத் திறக்காமல் கதிரைக்குக் கீழே, முகம் தெரியாமல் கவிழ்த்து வைத்தார்கள். அதையும் பார்த்தேன். பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. ஒலிவாங்கியில் அவருடைய பெயரைச் சொல்லி, எங்கள் முறைப்படி இரண்டு நிமிடம் எழுந்து நிற்கச் சொன்னேன். பிறகு கிற்றாரை எடுத்தேன்.

முதற்பகுதி நன்றாக வந்தது. நடுப்பகுதிக்குத் திரும்பும்போது கதிரைகள் அசையும் சத்தம் கேட்டது. அவருடைய ஆட்கள் ஒருவர் பின் ஒருவராக எழும்பி, சண்டை சச்சரவு இல்லாமல், வெளியே போய்க்கொண்டிருந்தார்கள். எங்கள் ஆட்கள் சாப்பாட்டுக்கு முதல் ஏன் போகிறார்கள் என்று ஒருவரையொருவர் பார்த்தார்கள். அக்கா மட்டும் முன்னால் வந்தார். என் பக்கத்தில் நின்று, உள்ளங்கையை விரித்துக் கிற்றாரின் கம்பிகளுக்கு மேல் வைத்தார். சத்தம் நின்றது. "விடும்," என்றார். அவ்வளவுதான் சொன்னார். கையை எடுத்துக்கொண்டு படத்தின் பக்கம் திரும்பாமல் போனார். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது என்று எங்கள் ஆட்களில் ஒருவர் பின்னால் சொன்னது எனக்குக் கேட்டது. நூற்றைம்பது பேருக்குச் சமைத்ததில் பாதி மிஞ்சியது.

அதற்குப் பிறகு ஒரு மாதம் அக்கா தொலைபேசி எடுக்கவில்லை, கதவும் திறக்கவில்லை. சனிக்கிழமை வரும்போது எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. நடந்து துறைமுகம் வரைக்கும் போய், தண்ணீரைப் பார்த்துவிட்டுத் திரும்புவேன். கடையில் ஒரு ஆளுக்கான இறைச்சிப் பொதி வாங்குவேன். எங்கள் ஆட்கள் ஆறுதல் சொல்ல வந்தார்கள். அவர்களுக்கு நன்றியில்லை, இவ்வளவு செய்தும் இப்படிப் போனார்களே என்றார்கள். அதைக் கேட்க எனக்குக் கொஞ்சம் இதமாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

உயிர்த்த ஞாயிற்றுக்கு அடுத்த நாள் அக்கா கதவைத் திறந்தார். உள்ளே கூப்பிடவில்லை, வாசற்படியிலேயே இருவரும் இருந்தோம். தங்கள் குடும்பத்தில் ஒருவர் செத்தால் அவருடைய பெயரைச் சொல்வதில்லை என்றார். அவர் உடுத்ததும் தொட்டதும் வீட்டில் இருக்கக்கூடாது, விற்கவும் கூடாது. கிற்றாரைத் தோட்டத்தில் வைத்து எரித்ததாகச் சொன்னார். அவருடைய பாட்டை வாசிப்பதில்லை, அவர் விரும்பிச் சாப்பிட்டதைச் சமைப்பதில்லை. படம் எல்லாம் கண்ணில் படாமல் போய்விடும். மறப்பதற்கு அல்ல, மரியாதைக்கு. நீலக் கோப்பையை உடைத்து ஆற்றில் போட்டது உம்முடைய மனைவியும் எங்களுக்கு அப்படிப்பட்டவள் என்பதால்தான் என்றார். "உமக்கு நாங்கள் சொல்லித் தரேல்லை. பிழை எங்களிலயும் இருக்கு," என்றார். ஏதாவது சொல்லவேண்டுமே என்று, என் தொலைபேசியில் அவர் வாசித்ததெல்லாம் இருக்கிறது என்று சொன்னேன். அக்காவின் முகம் மாறியது. என் சட்டைப் பையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழும்பி உள்ளே போய்விட்டார்.

அந்தப் பார்வையை நான் என் புத்திக்கு எட்டிய மாதிரி வாசித்தேன். கிற்றாரையே எரித்தவர்கள். என் பையில் எரிக்காமல் ஒன்று இருக்கிறது. அது இருக்கும்வரை எனக்கு அந்த வாசற்படிதான் என்று முடிவுகட்டினேன். அடுத்த கிழமை என் மகள் வந்தாள். எல்லாவற்றையும் அழித்துத் தா என்றேன். தொலைபேசியில் அழித்தாலும் வேறெங்கோ ஒரு பிரதி இருக்குமாம், அதையும் அழிக்கச் சொன்னேன். நிச்சயமா அப்பா என்று டேனிஷில் கேட்டாள். தொலைபேசியும் அதையே கேட்டது. நூற்றுப் பதினாறு பதிவு. ஒருதரம் கேட்டுவிட்டு அழிக்கலாம் என்று மனம் சொன்னது. கேட்டால் கை வராது என்று கேட்கவில்லை. ஏழு வால்ஸும் போனது. அன்றைக்கு மனதில் ஒரு பாரம் இறங்கியதுபோல் இருந்தது. அதை நினைத்தால்தான் இப்போது அதிகம் வலிக்கிறது.

சனிக்கிழமை ஒரு பெட்டி சொக்லேற் வாங்கிக்கொண்டு அக்காவிடம் போனேன். உள்ளே விட்டார். மேசைக்கு வந்து இருக்கமுன்னரே சொல்லிவிட்டேன், எல்லாவற்றையும் அழித்துவிட்டேன், ஒன்றும் மிச்சமில்லை என்று. அக்கா கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஆர் உம்மை அழிக்கச் சொன்னது?"

நீங்கள் அப்படிப் பார்த்தீர்களே என்றேன்.

"அதுக்குள்ள அவர் இருக்கிறார் எண்டு நிம்மதியாப் பாத்தனான்," என்றார்.

பிறகு கதிரையில் இருந்து மெதுவாகச் சொன்னார். இந்த மௌனம் என்றைக்கும் இருப்பதில்லையாம். இறந்தவருக்கு மிகக் கிட்டியவர் ஒருநாள் தானே திறந்துவிடுவார். அக்காவின் தகப்பன் செத்து ஒன்பதாம் வருடம், தாய் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தபோது ஒருவரையும் கேட்காமல் தகப்பனின் பாட்டைப் பாடத் தொடங்கினாராம். அன்றையிலிருந்து எல்லாரும் பாடலாம், பெயரும் சொல்லலாம். தானும் அப்படி ஒருநாளை நினைத்துக்கொண்டு இருந்ததாகச் சொன்னார். அந்த நாளில் உம்மைக் கூப்பிட்டு, அந்தத் தொலைபேசியை இந்த மேசையில் வையும் என்று சொல்ல இருந்தேன் என்றார். அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று என் மனைவி என்னைச் சொல்வாள். எனக்குப் புத்தி மட்டாகவும் இல்லை, அறவே இல்லை. மேசையில் தலையை வைத்து அழுதேன். அக்கா என் முதுகைத் தடவினார். அவருக்குத்தான் நான் ஆறுதல் சொல்லியிருக்கவேண்டும்.

அழுது முடிந்த பிறகு அவர் கேட்டார், அன்றைக்கு மண்டபத்தில் வாசிச்சீரே, அது கையில் இருக்கிறதா என்று. இருக்கிறது என்றேன். தனக்கு மனதுக்குள் முதற்பகுதி ஓடுகிறது, நடுவுக்கு வந்தால் நின்றுவிடுகிறது என்றார். நான் படித்தது ஏழில் ஒன்றை மட்டும் என்று சொன்னேன். "ஒண்டு காணும். நான் சொல்லும்வரைக்கும் சத்தம் வரக்கூடாது. வைச்சிரும்," என்றார். இனி ஒன்றையும் என் இஷ்டத்துக்கு விளங்கிக்கொள்ளமாட்டேன் என்று, எவ்வளவு காலம், என் வீட்டில் தனியாக இருக்கும்போதும் சத்தம் கூடாதா என்றெல்லாம் கேட்டு நிச்சயப்படுத்திக்கொண்டேன். கூடாது என்றார். நேர்த்தி வைத்தமாதிரி ஏற்றுக்கொண்டேன்.

இது மூன்றாவது வருடம். சனிக்கிழமைகளில் போகிறேன். சூப் இருக்கிறது, வேறு மாதிரிச் சூப். பழைய சூப் அவருக்கு விருப்பமானது என்பதால் அதைச் சமைப்பதில்லை. அவரைப் பற்றி ஒரு சொல் இல்லை, இசையும் இல்லை. இரண்டு பேர் இருந்து சாப்பிடுகிறோம், காலநிலையையும் நகரசபையான கொம்யூன் அனுப்பும் கடிதங்களையும் கதைக்கிறோம். வேறு ஆளோடு மேடைக்கு வரச்சொல்லிச் சிலர் கேட்டார்கள், போக மனம் வரவில்லை. வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, சோற்றைச் சூடாக்கிச் சாப்பிட்டுவிட்டு, கிற்றாரை மடியில் வைத்து இடக்கை விரல்களை மட்டும் வால்ஸின் வழியில் நடத்துகிறேன். வலக்கை முழங்காலில் இருக்கும். முதற்பகுதியில் சந்தேகம் இல்லை. நடுப்பகுதியில் விரல்கள் மேலே ஏறித் திரும்புகிற ஒரு இடம் உண்டு. போன வருடத்திலிருந்து அந்த இடத்தில் இரண்டு வழி வருகிறது. எது அவருடையது என்று தெரியவில்லை. ஒருதரம் கம்பியைத் தொட்டால் காது சொல்லிவிடும். பக்கத்து வீட்டுக்குக்கூடக் கேட்காது. தொடவில்லை.

அக்காவுக்கு எழுபத்தேழு வயது. போன சனிக்கிழமை கடையிலிருந்து வந்து மாடிப்படி ஏறும்போது பாதியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். பையை வாங்கிக்கொண்டு ஒரு படி கீழே நின்றேன். நான் ஒன்றும் கேட்கவில்லை. என் முகத்தில் என்னத்தைக் கண்டாரோ, "இன்னும் இல்லை," என்றார். ஓம் அக்கா என்றேன். அன்று வீட்டுக்கு வந்து கிற்றாரை எடுத்து விரல்களை வைத்துப் பார்த்தேன். அந்த இடத்தில் மூன்றாவதாக ஒரு வழியும் வந்தது.